மாநகர சபையில் வேலை கூடினால் யாருக்கு நன்மை? - வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. இலங்கையின் உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே மாதம் தேர்தல் முடிந்து, 2023 மார்ச்சிலிருந்து உறுப்பினர் இல்லாமல் கிடந்த சபைகள் மறுபடி கூடத் தொடங்கியதிலிருந்தே வேலை பற்றிய பேச்சும் கூடிவிட்டது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, கொழும்பில் நாங்கள் இருக்கிற தோட்டக் குடியிருப்பில் படித்துவிட்டு சும்மா இருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். மாநகர சபையில் ஆட்களைக் கூட்டி எடுத்தால் அந்தக் குடும்பங்கள் தலையெடுக்கும், அவர்கள் செலவழிக்கிற காசு எங்கள் ஊர்க் கடைகளுக்கும் வரும் என்று நான் சொல்கிறேன். என் தம்பியோ, அரச வேலையைக் கூட்டிக் கூட்டித்தான் நாடு 2022இல் விழுந்தது என்கிறான். யார் சொல்வது சரி?
- ஒரு தாய், கொட்டாஞ்சேனை

அம்மா, நீங்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, தம்பி சொல்வதிலும் இருக்கிறது. உங்கள் மனதில் ஒரு வகை வேலை இருக்கிறது, அவர் மனதில் வேறு வகை வேலை இருக்கிறது, அதுதான் பிரச்சினை.

முதலில் குடும்பத்தைப் பார்ப்போம். அரச வேலை கிடைத்த வீட்டுக்கு அது நன்மைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாய்க்குக் கட்டம் கட்டமாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். அதே வருஷம் தனியார் துறையின் குறைந்தபட்சச் சம்பளம் 27,000 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. இந்த வித்தியாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையான பெறுமதி சம்பளத் துண்டில் தெரியாத இடத்தில் இருக்கிறது. 2020இல் ஊரடங்கு போட்ட மாதங்களை நினைத்துப் பாருங்கள். புறக்கோட்டை மூடிக் கிடந்தது, நாட்டாமைத் தொழிலாளிக்கும் ஓட்டோக்காரருக்கும் ஒரு சதம் வருமானம் இல்லை, அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாயை வைத்து ஒரு மாதத்தை ஓட்டச் சொன்னார்கள். அதே தோட்டத்தில் மாநகர சபையில் வேலை செய்கிறவர் வீட்டுக்குச் சம்பளம் வந்தது, அதை வைத்து அவர்கள் பக்கத்து வீட்டுக்கும் அரிசி கொடுத்தார்கள். அந்தச் சம்பளத் துண்டைக் காட்டித்தான் வங்கியில் கடன் எடுக்கிறோம், பிள்ளையின் கல்யாணத்தைப் பேசுகிறோம். இதை லேசாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அதே சம்பளம் 2022இல் என்ன ஆனது என்பதையும் மறக்கக் கூடாது. அந்த வருஷம் செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். மாதச் சம்பளம் அப்படியே இருக்க, அதைக் கொண்டு வாங்கக்கூடிய சாமான் பெருமளவு குறைந்துவிட்டது. நாடு விழுந்தால் அரச வேலைக்காரரும் சேர்ந்துதான் விழுகிறார்.

அடுத்து, செலவழிக்கிற காசு கடைக்கு வரும் என்கிறீர்கள். வரும்தான், மறுப்பில்லை. சபையில் வேலை கிடைத்த பிள்ளை சம்பளத்தைத் தூக்கி வெளிநாட்டு வங்கியில் போடப் போவதில்லை, அரிசிக்கும் மீனுக்கும் டியூஷன் காசுக்கும் இங்கேயே செலவழிப்பார். ஆனால் அந்தச் செலவில் பருப்பு, சீனி, பால்மா, கேஸ், பெற்றோல் எவ்வளவு என்று பாருங்கள். அதற்குப் போகிற காசில் பெரும்பகுதி நம்முடைய கடைக்காரரின் கையில் ஒரு நாள் தங்கிவிட்டு டொலராக மாறி வெளியே போய்விடுகிறது. பெரிய நாடுகளில் அரசாங்கம் செலவழிக்கிற ஒரு ரூபாய் எத்தனை முறை சுற்றி வரும் என்று சொல்கிற கணக்கை அப்படியே எடுத்து இலங்கைக்குப் போட முடியாததற்கு முக்கிய காரணம் இதுதான்.

அப்புறம், அந்தச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? முன்பு காசு போதாவிட்டால் மத்திய வங்கி அச்சடித்துக் கொடுத்தது. 2023இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம் அப்படி அரசாங்கத்துக்குக் கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. ஆகவே இனி ஒவ்வொரு புதிய சம்பளமும் வரியிலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் வட்டிக்கு வாங்கிய கடனிலிருந்து வர வேண்டும். வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாக ஏறியது உங்களுக்கே தெரியும். சபையில் வேலை கிடைத்த பிள்ளை உங்கள் ஊர்க் கடையில் கூடுதலாகச் செலவழிக்கிறது, அந்த வேலைக்காக வரி கட்டிய பக்கத்து வீட்டுப் பிள்ளை அதே கடையில் கொஞ்சம் குறைவாகச் செலவழிக்கிறது. முழுவதும் லாபம் என்றோ முழுவதும் நட்டம் என்றோ சொல்லிவிட முடியாதபடி இரண்டும் ஒன்றோடொன்று கழிபடுகின்றன.

இதை ஒழுங்காக அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2003 முதல் 2007 வரை ஊர் ஊராக அரச வேலைகள் எப்படிக் கூடின, அதனால் அந்தந்த இடங்களில் தனியார் வேலைக்கு என்ன நடந்தது என்று ஃபாஜியோ, ஓவர்மன் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். ஓர் ஊரில் 100 அரச வேலை கூடினால் கட்டட வேலை, கடை, சாப்பாட்டுக் கடை போன்ற உள்ளூர்த் தொழில்களில் சுமார் 50 வேலை கூடியது. வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் விற்கிற பொருட்களைச் செய்கிற தொழில்களில் சுமார் 40 குறைந்தது. மொத்தத்தில் தனியார் வேலையின் எண்ணிக்கை கிட்டத்தட்ட மாறவில்லை. ஆட்களும் இடமும் ஒரு பக்கம் இழுபட, கூலியும் வாடகையும் ஏற, ஏற்றுமதி செய்கிறவர் தாக்குப்பிடிக்கக் கஷ்டப்படுகிறார். அது இங்கிலாந்தின் கணக்கு, இங்கே இலக்கங்கள் வேறாக இருக்கும். ஆனால் டொலருக்காக வரிசையில் நின்ற நாடு நாங்கள். கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் தைத்து ஏற்றுமதி செய்கிற பிள்ளைகளின் வேலைக்கு என்ன ஆகும் என்ற கேள்வியைக் கேட்காமல் இருக்க நமக்கு வசதியில்லை.

உங்கள் தம்பிக்கும் ஒரு வார்த்தை. அவர் சொல்வது பாதி சரி. 2020இல் குறைந்த வருமானக் குடும்பங்களிலிருந்து ஒரு லட்சம் பேரை எடுப்பதாக அறிவித்தார்கள், அதே வருஷம் பல்லாயிரம் பட்டதாரிகளையும் எடுத்தார்கள். இதெல்லாம் 2019 கடைசியில் வரியைத் தாராளமாகக் குறைத்த கையோடு நடந்தது! அரசாங்கத்தின் வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 வீதத்துக்குக் கிட்டப் போய்விட்டது, சம்பளமும் ஓய்வூதியமும் அதில் பெரும் பகுதியைத் தின்றன. 2022 ஜூனில் அதே அரசாங்கம், வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தது, சம்பளமில்லாமல் 5 வருஷம் வெளிநாடு போய் உழைக்கவும் அனுமதித்தது. இத்தனை பேர் அந்தக் கதிரைகளில் இல்லாமலும் காரியம் நடக்கும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது போலத்தான் அது. ஆனால் நாடு விழுந்ததற்கு அரச ஊழியர் மட்டும்தான் காரணம் என்று தம்பி சொன்னால் அதை ஏற்க மாட்டேன். வரிக் குறைப்பு, வெளிநாட்டுக் கடன், கொவிட்டால் உல்லாசப் பயணிகள் வராமல் போனது, 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தியது, எல்லாம் சேர்ந்துதான் 2022 ஏப்ரல் 12ஆம் திகதி கடனைக் கட்ட முடியாது என்று அறிவிக்க வைத்தன.

என் பதில் இதுதான் அம்மா: எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்பதை விட, என்ன வேலைக்கு எடுக்கிறார்கள் என்பதைக் கேளுங்கள்.

கேள்வி: இத்தனை லட்சம் அரச ஊழியர் இருக்கிறார்கள் என்கிறார்கள், எங்கள் ஒழுங்கையில் கானைத் துப்புரவு செய்யக் கேட்டால் ஆள் இல்லை என்கிறார்கள். இது எப்படி?
- வாசகர், வனாத்தமுல்லை

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. முந்திய பதிலை இதுதான் முழுமையாக்கும்.

அரச ஊழியர் என்று ஒரே தொகையாகச் சொல்லும்போது முப்படை, பொலிஸ், ஆசிரியர், வைத்தியசாலை, அமைச்சு, திணைக்களம், பிரதேச செயலகம் எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. உள்ளூராட்சி சபைகள் நாடு முழுவதும் 341 இருந்தாலும் அவற்றின் ஊழியர்கள் அந்தப் பெரிய தொகையில் ஒரு சிறிய பங்குதான். பிரதேச செயலகத்தில் ஓர் அறையில் இன்னும் சில அபிவிருத்தி உத்தியோகத்தர்களைச் சேர்த்தாலும் உங்கள் கானில் ஒரு மண்வெட்டி விழப்போவதில்லை. அந்த இடத்துக்கும் மாநகர சபையின் சுகாதாரத் தொழிலாளிக்கும் சம்பந்தமே கிடையாது.

சபை நினைத்தவுடன் ஆளை எடுக்கவும் முடியாது. எந்தப் பதவிக்கு எத்தனை பேர் என்ற ஆளணியைத் திறைசேரியின் கீழுள்ள முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அங்கீகரிக்க வேண்டும். அதனால் ஒரு பக்கம் வெற்றிடம் நிரப்பப்படாமல் கிடக்கும், இன்னொரு பக்கம் அரசியல்வாதியின் கடிதத்தோடு அமய (தற்காலிக) ஊழியராக வந்தவர்கள் வருஷக்கணக்கில் நிரந்தர நியமனத்துக்குக் காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருக்கிறவர்களில் உண்மையாகவே வெயிலிலும் மழையிலும் குப்பை அள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத்தான் முதலில் நிரந்தரமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கான் துப்புரவு சின்ன விஷயமா? 2017இல் இலங்கையில் டெங்கு 1,86,000 பேருக்கு மேல் பீடித்தது, 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருஷம் ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று, மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் வீட்டோடு புதைந்து போனார்கள். உங்கள் பக்கத்தில் நடந்தது, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டெங்கு பிடித்த வீட்டில் நோயாளிக்கும் வேலையில்லை, பார்த்துக்கொள்கிறவருக்கும் வேலையில்லை, ஆஸ்பத்திரிக் கட்டில் நிரம்புகிறது, நாட்கூலிக் குடும்பம் நகையை அடகு வைக்கிறது. ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அவரோடு போகிற சில தொழிலாளிகளும் தடுக்கக்கூடிய நட்டம் அவர்களுடைய சம்பளத்தைப் போலப் பல மடங்கு. இந்த மாதிரி வேலைகள் கூடினால் பொருளாதாரத்துக்கு நன்மையா என்று யாரும் கேட்கத் தேவையில்லை. மழை பெய்தால் கடைக்குள் தண்ணீர் வராத தெருவில் வியாபாரம் நடக்கும், அதுவே பதில்.

இந்த நகரத்தின் துப்புரவு வேலைக்கு ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் கொழும்பில் வாழ்கிறார்கள். நகரம் அவர்களுடைய உழைப்பில்தான் நின்றது. அவர்களுடைய வேலையை வெறும் சம்பளச் செலவு என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: நான் ஒழுங்காக வரி கட்டுகிற வியாபாரி. கட்டுகிற காசெல்லாம் சம்பளத்துக்கே போகிறதா? இன்னும் ஆட்களை எடுத்தால் எங்கள் வரியையும் ஏற்றுவார்களே?
- வாசகர், புறக்கோட்டை

கடைக்கும் வீட்டுக்கும் நீங்கள் கட்டுகிற சோலை வரியும் அனுமதிப்பத்திரக் கட்டணமும் சபைக்குத்தான் போகின்றன, ஆனால் அங்கீகரிக்கப்பட்ட ஊழியர்களின் சம்பளத்தில் பெரும்பகுதியை நாடு முழுவதிலுமுள்ள சபைகளுக்கு மத்திய அரசாங்கம் மாகாண சபை ஊடாகத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். கிராமத்துப் பிரதேச சபைகளுக்கு அது இல்லாவிட்டால் மூச்சே இல்லை. கொழும்பு போன்ற வருமானமுள்ள சபைகள் சொந்தக் காலில் கூடுதலாக நிற்க முடியும், நிற்கவும் வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு இருக்கிறது. சம்பளம் கொழும்புக் கோட்டையிலுள்ள திறைசேரியிலிருந்து வருகிறது என்றால் ஊரில் யாரும் அந்த ஊழியர் என்ன செய்கிறார் என்று கேட்பதில்லை. தங்கள் சோலை வரியிலிருந்துதான் இந்த மேற்பார்வையாளருக்குச் சம்பளம் போகிறது என்று உங்கள் தெருக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தால், அவர் தெருவுக்கு வராத நாளில் கேள்வி எழும்பும். ஆகவே வரி ஏறுமே என்று நீங்கள் பயப்படுவது நியாயம்தான், ஆனால் வரி எதற்குப் போகிறது என்று கேட்கிற உரிமையும் அதோடுதான் வருகிறது. சபையின் வரவு செலவு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டம் உள்ளூராட்சி சபைகளுக்கும் பொருந்தும். சம்பளத்துக்கு எவ்வளவு, வடிகானுக்கு எவ்வளவு, மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு எவ்வளவு என்று உங்கள் வியாபாரிகள் சங்கம் எழுத்தில் கேட்கலாம்.

(முழு வருஷத்துச் சோலை வரியை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு. தெரியாமல் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.)

கேள்வி: எல்லாவற்றையும் தனியாரிடம் கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீராதா?
- வாசகர், தெமட்டகொட

கொழும்பில் குப்பை சேகரிப்பின் ஒரு பகுதி ஏற்கெனவே தனியார் நிறுவனங்களிடம் போய்ப் பல வருஷமாகிறது. தெரு சுத்தமாக இருக்கிறதா என்றால் சில இடங்களில் ஆம். ஆனால் கூட்டுகிறவரின் சம்பளம், கையுறை, சப்பாத்து, சேமலாப நிதி எல்லாவற்றுக்கும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது. ஆகக் குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பார்க்காமல் விட்டால் மிச்சமாகிற காசு தொழிலாளியின் வயிற்றிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். ஒப்பந்தத்தைக் கண்காணிக்கவும் சபையில் தகுதியான ஆள் வேண்டும். அதற்கு ஆள் எடுக்காமல் தனியாருக்குக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: அரச அலுவலகத்துக்குப் போனால் தமிழில் பேசுகிற ஒருவரைத் தேடியே அரை நாள் போகிறது. ஆட்களை எடுப்பதாக இருந்தால் இதைக் கவனிக்க மாட்டார்களா?
- வாசகி, வெள்ளவத்தை

கவனிக்க வேண்டும் அக்கா, சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. 2007 ஜூலைக்குப் பிறகு சேர்ந்த அரச ஊழியர்கள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கையும் இருக்கிறது. கொழும்பு மாநகரில் தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்தால் தமிழ் பேசுகிறவர்கள் பாதிக்கும் மேல். அப்படியிருந்தும் படிவத்தை நிரப்ப வாசலில் நிற்கிறவருக்குக் காசு கொடுக்கிறோம், ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பி வருகிறோம், நாட்கூலிக்காரருக்கு அந்த ஒரு நாள் பெரிய இழப்பு. இதை யாரும் நாட்டின் நட்டக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தமிழும் சிங்களமும் நன்றாகத் தெரிந்த முகாமைத்துவ உதவியாளர்கள் ஒவ்வொரு கருமபீடத்திலும் இருந்தால் அது தமிழருக்குச் செய்கிற சலுகையாகாது, வேலை வேகமாக முடியும், அவ்வளவுதான். புதிய ஆட்சேர்ப்பில் நான் முதலாவதாகக் கேட்பது இதைத்தான். அடுத்த முறை போகும்போது உங்கள் கோரிக்கையைத் தமிழிலேயே எழுத்தில் கொடுத்துத் தமிழிலேயே பதில் கேளுங்கள். கொடுக்காவிட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம்.

கேள்வி: நான் பட்டம் முடித்துவிட்டேன். ஒரு தனியார் கம்பனியில் 45,000 ரூபாய்க்கு வேலை கிடைத்திருக்கிறது. அம்மா அப்பா, அரச நியமனம் வரும்வரை பொறுத்திரு, இடையில் சேர்ந்தால் பட்டதாரி நியமனம் கிடைக்காது என்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, மட்டக்குளி

தங்கச்சி, வேலைக்குப் போங்கள்.

உங்கள் அம்மா அப்பாவின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், முன்னைய பட்டதாரி நியமனங்களில் வேலையில்லாதவர் என்று காட்ட வேண்டியிருந்ததால் அந்தப் பயம் வந்தது. ஆனால் காத்திருப்பதற்கே பரிசு கொடுக்கிற அந்த முறைதான் உங்கள் வயதுப் பிள்ளைகளின் ஆகத் திறமையான வருஷங்களைத் தின்றுவிட்டது. இது புதிய நோயும் இல்லை. 1971 கிளர்ச்சிக்குப் பிறகு சர்வதேச தொழில் அமைப்பு அனுப்பிய டட்லி சீயர்ஸ் தலைமையிலான குழுவே, படித்தவர்கள் எதிர்பார்க்கிற வேலைக்கும் நாட்டில் இருக்கிற வேலைக்கும் உள்ள இடைவெளியைப் பற்றித்தான் அறிக்கை எழுதியது. அரை நூற்றாண்டு கடந்தும் அதே வரிசையில்தான் நிற்கிறோம். ஒருவருக்கு வேலை கிடைக்க எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள் என்றால் அந்த இழப்பையும் அரச வேலையின் செலவோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

45,000 ரூபாய் என்றால் இன்றைய நிலையில் தொடங்குவதற்கு மோசமான சம்பளம் இல்லை. நியமனக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள், சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்குக் கம்பனியின் 3 வீதமும் போகிறதா என்று முதல் மாதமே பாருங்கள். வேலை செய்துகொண்டே வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்த்து விண்ணப்பியுங்கள், போட்டிப் பரீட்சையை எழுதுங்கள். வயதெல்லை ஒவ்வொரு அறிவித்தலிலும் வித்தியாசப்படும், அதைக் கவனமாக வாசியுங்கள். சிங்களத்தில் எழுதவும் பழகுங்கள், இரண்டு மொழியிலும் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு அரசிலும் தனியாரிலும் இடமுண்டு. தம்பி தங்கை உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிறார்கள் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தொழில்நுட்ப உத்தியோகத்தர் போன்ற பதவிகளை இப்போதே காட்டி வையுங்கள், சபைகளுக்கு உண்மையாகத் தேவைப்படுகிறவர்கள் அவர்கள்தான்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சபையில் நியமனம் எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்டு யாராவது வந்தால், அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், உறவுக்காரராகவே இருந்தாலும், ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள்.